உன்னுடைய ‘கேட்டியா’

மக்கா,

வீடு முழுக்கப் புதுப் பெட்டியின் ரப்பர் வாசம். கட்டிலுக்குப் பக்கத்தில் அது வாயைத் திறந்தபடி கிடக்கிறது. அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் உன் அம்மைதானே என்று விட்டுவிடு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உன் தம்பியின் மூத்தவன் கப்பல் படிப்பு முடித்துவிட்டான். வள்ளத்தில் போன நம் குடும்பத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக் கப்பல் ஏறப்போகிறவன் அவன்தான் முதல். அவனுக்கு இளையவள் நர்சிங்கில் பரிசு வாங்கினாள். அவள் மேடை ஏறியபோது நான் எழுந்து நின்று பார்த்தேன். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், நான் உட்காரவில்லை. அப்புறம் உன் மகள், ஜெனி. எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். வியட்நாமுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போகக் கார் வருகிறது. நம் இனயத்துக் கடப்புறத்தில் வீடு வீடாகச் சொல்லிவிட்டேன், கேட்காதவர்களிடமும்.

மற்றதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

களியக்காவிளை சந்தையில் நீ மீன் விற்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். “காலையில புடிச்ச சாளையாக்கும், கேட்டியா. கண்ணைப் பாரு, கேட்டியா” என்பாய். யார் வந்தாலும் உனக்குக் ‘கேட்டியா’தான். ஒருநாள் ஒரு வாத்தியார் கோபித்துக்கொண்டார், மரியாதையாகப் பேசத் தெரியாதா என்று. நீ அசரவில்லை. “மரியாதைக்கு ரெண்டு சாளை கூட வச்சிருக்கேன், கேட்டியளா சாரே” என்றாய். அவர் சிரித்தபடி வாங்கிப் போனார். அந்தச் சொல்லின் கடைசியில் உன் குரல் மேலே ஏறி, ஒரு வளைவு வளைந்து இறங்கும். எழுந்து போய்த் திரும்பும்போது சந்தை இரைச்சலில் அதை வைத்துத்தான் உன்னைக் கண்டுபிடிப்பேன்.

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனபோது ஜெனி சின்னப்பிள்ளை. பேச்சைப் பிடித்து வைக்கிற போன் நம்மிடம் இல்லை. உன் குரல் இனி எங்கும் இல்லை என்றே நினைத்தேன். அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் முற்றத்தில் ஜெனி கோழியிடம் பேசிக்கொண்டிருந்தாள். “முட்டை போடலேன்னா வெட்டிருவாவ, கேட்டியா.” அடுக்களையில் நான் அப்படியே நின்றுவிட்டேன். அதே ஏற்றம், அதே வளைவு. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நீ இல்லாத நாள் இல்லை.

இந்த வேலைக்கு ஆள் எடுக்கிற சென்னைக்காரி ஒருத்தி கம்ப்யூட்டரில் வந்து, ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொன்னாள். ஜெனி நன்றாகத்தான் நடத்தினாள். ஆனால் வரிக்கு வரி, “திஸ் இஸ் எ வெர்ப், கேட்டியா.” அவளுக்கே தெரியாமல் வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உன் பேச்சு பாட்டு மாதிரி இருக்கிறது, அங்கே உள்ள பிள்ளைகள் நீ சொல்வதைத்தான் திருப்பிச் சொல்லும், ராகத்தை விட்டுவிட்டு இன்னொரு தடவை வா என்றாளாம். “வியட்நாம் பூரா ‘கேட்டியா’ன்னு சொல்லியிருக்கும், அம்மாச்சி” என்றாள் ஜெனி. அன்றைக்கு ரெண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. போனில் பேசுவாள், போட்டுக் கேட்பாள், திரும்பவும் பேசுவாள். குரலைத் தேய்த்துத் தேய்த்துத் தட்டையாக்கினாள். இங்கிலீஷில் போன ராகம் தமிழிலும் போயிற்று. ஒரு மத்தியானம் என் முன்னால் வந்து, “சாப்பிட்டீங்களா பாட்டி?” என்றாள், டி.வி.யில் செய்தி படிப்பவள் மாதிரி. “யாருட்டி நீ?” என்று கேட்டேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். நான் விளையாடவில்லை.

ரெண்டாம் தடவை அவளை எடுத்துக்கொண்டார்கள். நெற்றியில் சிலுவை போட்டுவிட்டேன். விரலை எடுக்காமல் வைத்திருந்ததைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள். ஆனால் நேற்று துணி மடக்கும்போது, எனக்கு மனசில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள்.

“அம்மாச்சி, நீங்க வேண்டாம்னு சொன்னியன்னா நான் போவல்ல.” சொல் நம் ஊர்ச் சொல்தான், ராகம் மட்டும் இல்லை.

வேண்டாம் என்று ஒரு சொல். நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னேன். “ஒனக்க அம்மைக்க குரல் ஒனக்க வாயிலதான் இருந்துது மக்ளே. அந்தக் ‘கேட்டியா’. ஒரு மட்டம் சொல்லு, போனில பிடிச்சுத் தந்துட்டுப் போ.”

அவள் கையில் இருந்த சட்டை கீழே விழுந்தது. அம்மையின் குரல் அவளுக்கு ஞாபகமே இல்லையாம். போனை எடுத்து வைத்துக்கொண்டு “கேட்டியா” என்றாள். ஏறவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். ஏறியது, வளையவில்லை. சொல்லச் சொல்ல அது யாரோ ஒருத்தியின் பேச்சாகிக்கொண்டே போயிற்று. கடைசியில் போனைப் போட்டுவிட்டு என் மடியில் விழுந்தாள்.

“வருதில்ல அம்மாச்சி.”

“நெனச்சா வராது, மக்ளே. நீ போ. போயிப் படிச்சுக் குடு” என்றேன். இதைச் சொல்லத்தான் கஷ்டப்பட்டேன். சொன்னதும் அவளுக்கு மூச்சு வந்தது.

இனி அது என் காதில் மட்டும்தான், மக்கா. என்னோடு சேர்ந்துதான் போகும். அதைக் கொண்டு இருந்துகொள்வேன். இன்று காலையில் ஜெனி உன் படத்தைக் கேட்டாள், பெட்டியில் வைத்துக்கொண்டு போக. இருப்பது அந்த ஒன்றுதான், ஸ்டுடியோவில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நீ உட்கார்ந்திருக்கும் படம். கழற்றித் துடைத்துக் கொடுத்துவிட்டேன். சுவர் வெறுமையாக இருக்கிறது. நீ இருக்கிற இடத்தில் படம் எடுக்கிறவர்கள் உண்டானால், புதுசாக ஒன்று எடுத்துத் தபாலில் போடு. பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்ததாக இருக்கட்டும்.

உன் அம்மை