நாம் அடைபட்ட கல்யாண மண்டபம்

இன்று அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்துக்குள் கால் வைத்ததுமே பினாயில் வாடை. மற்றவர்களுக்குச் சந்தனமும் சாம்பாரும் மணத்திருக்கும். எனக்கு மட்டும் போலீஸ் வண்டியிலிருந்து இறங்கி வந்தது போலிருந்தது. மணப்பெண் உட்கார்ந்திருந்த அதே மேடையில்தான் நீ துண்டை விரித்துப் படுத்துக் குறட்டை விடுவாய்.

எத்தனை முறை நம்மை இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள்! மந்திரி வந்தால் அடைப்பார்கள், கலெக்டர் வந்தால் அடைப்பார்கள். கம்பெனிக்காரர்களிடமிருந்து ஊர்க் கண்மாயைக் காப்பாற்ற வேண்டும் என்று கூடிய பத்துப் பன்னிரண்டு பேர் நாம். மனுக் கொடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. ஓரமாக நிற்க அனுமதி கேட்டால் கிடையாது. கேட்காமல் நின்றால் குற்றம். காலையில் பிடித்து, மத்தியானம் எலுமிச்சம்பழச் சோறு போட்டு, சாயங்காலம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுவார்கள். இடையிடையே தாசில்தார் கூப்பிட்டு டீ கொடுத்து, "மேல பேசிருக்கோம்" என்பார். மேலே யார் என்று கேட்டால் சிரிப்பார். பாவம், அவருக்கும் தெரியாது.

நம்மை நோட்டமிடுவது ஏட்டையாவின் வேலை. நீயோ அவருக்கு வேலையே வைக்க மாட்டாய். "ஏட்டையா, நாளைக்கு மனுக் குடுக்க வாரோம், வண்டியை அனுப்பிருங்க" என்று நீயே போன் போட்டுச் சொல்லிவிடுவாய். நான் பல்லைக் கடிப்பேன். "ஏலே, நாம சொல்லலைன்னா அவரு வேலைக்கு ஒல வச்சிருவாக. அவரு வீட்லயும் புள்ளைக இருக்குல்ல" என்பாய்.

கம்பெனிக்காரர்கள் மேற்கு ஓடையை மூடப்போகிறார்கள், நாம் போய்க் குறுக்கே நிற்கலாம் என்று முடிவு செய்த அன்றும் அவரிடம் சொல்லிவிட்டாய். மறுநாள் காலையில் வீடு வீடாக வந்து நம்மை அள்ளிக்கொண்டு போனார்கள். நாம் இங்கே சோறு தின்றுகொண்டிருந்தபோது அங்கே ஓடையில் மண்ணைத் தள்ளி முடித்துவிட்டார்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவந்த இரண்டு ஓடைகளில் ஒன்று அதோடு போயிற்று. அந்தக் கோபம் நீ செத்த பிறகும் எனக்கு முழுதாகத் தீரவில்லை. உன் பாடைக்கு ஏட்டையாவும் தோள் கொடுத்தார். அதைப் பார்த்து அழுகையும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

இன்று பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அவருக்கு. நாளைக்கு மந்திரி வருகிறார். அந்தச் சாக்கில் நம்மை அடைத்துவிட்டு, மிச்சமிருக்கிற கிழக்கு ஓடையையும் நாளைக்கே மூடிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. நம் ஆட்களில் இப்போது ஐந்து பேர்தான் மிச்சம். மற்றவர்கள் கேஸுக்குப் பயந்து ஒதுங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

"நாளைக்கு என்ன சோலி, அண்ணாச்சி?" என்றார்.

"என்ன சோலி? வீட்லதான் இருப்பேன்" என்றேன்.

அவர் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வீட்ல இருக்காதீக. விடியக் கருக்கல்லயே வண்டி வந்துரும். ஓடைக்குப் போறதுன்னா இன்னைக்குச் சாயந்திரமே போயிருங்க. அவுக இருந்தா அவுககிட்டச் சொல்லிருப்பேன்."

அவுக என்றது உன்னை. இலையை மூடிவிட்டு எழுந்தேன். நிஜமாகவே நமக்கு உதவுகிறாரா, இல்லை ஐந்து பேரையும் ஒரே இடத்தில் வைத்து அமுக்கப் பார்க்கிறார்களா? பஸ்ஸில் வரும்போது பாலவனத்தம் தாண்டும்வரை இதையே யோசித்தேன். ஒருவர் நல்லது சொன்னால் அதை நல்லது என்று எடுத்துக்கொள்ளவே எனக்கு மறந்துபோய்விட்டது. இத்தனை வருஷத்தில் இவர்கள் எனக்குச் செய்த பெரிய கெடுதல் அதுதான். உனக்கு மட்டும் அது ஏன் கடைசிவரை மறக்கவில்லை என்று தெரியவில்லை.

மற்ற நான்கு பேருக்கும் சொல்லிவிட்டேன். பொழுது சாய்வதற்குள் கிளம்புகிறோம். நான் ஏட்டையாவை நம்பிப் போகவில்லை. அவரை நம்பலாம் என்று நீ நம்பினாயே, அதை நம்பிப் போகிறேன். இந்த ஒரு முறையாவது நீ நம்பியது சரியாக இருக்கட்டும்.