பெரியாஸ்பத்திரியில் நான் ஆண்டாள்

7.10.97, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். தீபாவளி ஜாக்கெட் துணி குவிந்து கிடக்கிறது. தைக்கக் கை ஓடவில்லை.

இவருக்கு வந்த புண், லாரி ஓட்டிப் போன இடத்தில் எவளிடமோ ஒட்டியதாம். நேற்று அவரே சொன்னார். "சம்சாரத்தையும் கூட்டிட்டு வரணும்னு டாக்டர் சொல்லுதாரு. ரெண்டு பேருக்கும் எச்.ஐ.வி. டெஸ்ட்." முகத்தில் அறையலாம் போலிருந்தது. சோறு போடவில்லை.

8.10, புதன்
ராஜபாளையத்தில் பாதி ஊருக்கு நான் தையல்காரி. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரி. பெயர் கேட்டார்கள். ஸ்டெல்லா என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆண்டாள்." ஏசப்பா மன்னிக்கட்டும். இருவருக்கும் ரத்தம் எடுத்து, ஆளுக்கொரு நம்பர் சீட்டு தந்தார்கள். முடிவு அடுத்த புதன்.

11.10, சனி
இரண்டு ஜாக்கெட்டில் கை மாற்றி வெட்டிவிட்டேன். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். தொட்டால் ஒட்டாது என்றுதான் நர்சம்மா சொன்னார். மனசு கேட்கவில்லை. சுஜாக்குட்டி: "ஏம்மா இப்பல்லாம் முத்தமே தர மாட்டேங்க?"

15.10, புதன்
வெயில். "ஆண்டாள்!" நாலு பேர் எழுந்தார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் உட்கார்ந்திருந்தேன். இவர் இடித்தார்: "ஏட்டி, நீதாம்ட்டி!" சீட்டு எங்கே என்றார் நர்சம்மா. யார் கண்ணிலும் படக்கூடாதென்று போன வாரமே பஸ்ஸில் கிழித்துப் போட்டாயிற்று.

நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இந்த ஊர்ல வந்து சொல்லதுக்கு வேற பேரே கெடைக்கலையாம்மா?" மறுபடி ரத்தம். "ஸ்டெல்லா" என்றேன், சத்தமாகவே.

இவருடைய முடிவு வந்திருந்தது. வாங்கவில்லை. "அவளுக்கும் வரட்டும். சேந்தே கேட்டுக்கிடுதோம்." கோபம் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான்.

22.10, புதன்
ஒரே ஸ்டெல்லா நான்தான். "ரெண்டு பேருக்கும் இல்லம்மா." அப்பாடா! ஆண்டவரே! கிருமி இருந்தாலும் உடனே டெஸ்டில் தெரியாதாம்; இவருக்கு மட்டும் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்கணுமாம். அதுவரை ஆணுறை வேண்டுமாம். இவர் வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதார். அழட்டும் என்று விட்டேன். பொறவு நானும்.

வீட்டுக்கு வந்ததும் சுஜா கன்னம் இரண்டையும் கடிக்காத குறை. அவள் தட்டிலேயே சாப்பிட்டேன்.

24.10, வெள்ளி
இவர் பம்பாய் லோடு. பையில் சட்டை, சோப்பு, ஆஸ்பத்திரியில் தந்த ஆணுறைப் பாக்கெட். நான்தான் வைத்தேன்.

"இனி அப்படிப் போவேனாட்டி? இது எதுக்கு?"

"போகாட்டிச் சரி. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."