உன் பெயர் வராத பட்டியல்

ஸ்ரீசிட்டியில் எங்கள் கம்பெனிப் பெண்கள் கபடி டீமுக்கு இன்று ஆள் எடுத்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் முழங்காலில் வலி ஸ்ப்ரே அடித்துக்கொண்டாள். உன் முழங்காலில் எப்போதும் அடிக்கும் அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீ நினைவில் வந்துவிட்டாய். அப்புறம் நான் எங்கே ஆடுவது? முதல் ரெய்டிலேயே மடக்கி அமுக்கிவிட்டார்கள். என் பெயரை வாசிக்கவில்லை. வாசிப்பார்கள் என்று நினைத்துப் போகவும் இல்லை.

கார்வேட்டிநகரத்திலிருந்து சித்தூருக்கு, ஜில்லா செலக்‌ஷனுக்கு, நாம் இருவரும் பஸ்ஸில் போனோமே. ரெய்டருக்கு ஒரே ஓர் இடம்தான் மிச்சம் என்று கோச் முந்தின நாளே சொல்லியிருந்தார். பயத்தில் நான் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தேன். நீதான் என் பின்னலைப் பிடித்துக்கொண்டாய்.

"கண்ண மூடுடி. கோட்டத் தாண்டு. எதிர்ல ஏழு பேரு கீறாங்க. கார்னர்ல இருக்கிறவ காலத் தொடு. இப்ப திரும்பி வா."

"வர முடியலடி. புட்ச்சிட்டாங்க."

"அப்ப மறுபடியும் போ."

வழி நெடுக என்னையே அனுப்பிக்கொண்டிருந்தாய். உனக்காக ஒரு தடவையாவது போய்ப் பார்த்தாயா? நான் கேட்கவில்லை.

பட்டியலில் என் பெயர் வந்தது. முதலில் கைதட்டியவள் நீ. உன் பெயர் வரவில்லை என்று தெரிந்த அந்தக் கணத்தில், எனக்குள் நிம்மதி. நான் ஜெயித்ததைவிட நீ தோற்றதில் வந்த நிம்மதி அது. ஊருக்கு வந்ததும் என் நைனாவிடம் ஓடிப்போய்ச் செய்தி சொன்னவளும் நீதான்.

அடுத்த வருஷ செலக்‌ஷனுக்குத் தினமும் சாயங்காலம் ஓடினாய். பத்து நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். திருப்பதி ஆஸ்பத்திரிக்கு நான் வந்தது உன்னைப் பார்க்க மட்டுமில்லை. அந்த நிம்மதியை உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீ கண்ணை மூடியிருந்தாய். போர்வைக்குள் கால்விரல்கள் அசைந்துகொண்டிருந்தன.

"இன்னாடி பண்ணிக்கினு கீற?"

"ரெய்டுல கீறேன். பேசாத."

நீ ரெய்டு முடித்துத் திரும்பட்டும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நர்ஸ் வந்து, "பைட்ட உண்டம்மா" என்று என்னை வெளியே அனுப்பினாள். மறுநாள் காலையில் உன்னை வெள்ளைத் துணியில் சுற்றி ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

சொல்ல வந்ததை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் அது இறங்காது.