முதலாளி பங்கு

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் எழுதுவது. நான் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

இங்கே ஒரு சின்னக் கலாட்டா. பயப்படாதே, வேலை போகவில்லை. எங்கள் ஓய்வூதியத்துக்கு முதலாளிகள் கட்டும் பங்கை அரசாங்கம் இந்த மாதம் உயர்த்திவிட்டது. பக்கத்துச் சலவைக்கடைக்காரர், "இனிமே நீங்க எல்லாரும் சொந்தத் தொழில் பண்றவங்க, உங்க பணத்த நீங்களே கட்டிக்குங்க" என்று ஆட்களைக் கைகழுவிவிட்டார். எங்கள் சலவைக்கடை முதலாளியம்மாவோ காரை விற்றுவிட்டார். "என்கிட்ட வேலை பாக்குறவங்களுக்கு நான் கட்டாம வேற யாரு கட்டுவா?" என்றார். இப்போது எங்களோடு பேருந்தில்தான் வருகிறார். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை வேறு. என்ன மனுஷி அம்மா அவர்!

எனக்கு ஒரு தலையணை உறை தைத்து அனுப்பு. இங்கே கிடைக்காமல் இல்லை, ஆனாலும் நீ தைத்ததுதான் வேண்டும்.

அங்கே தையல்காரர்களுக்கும் ஓய்வூதியத் திட்டம் வந்திருக்கிறதாமே? முதலாளி இல்லாததால் இரண்டு பங்கையும் நீயே கட்ட வேண்டும் என்று சேராமல் இருக்கிறாயாம், தங்கை சொன்னாள். உன் பங்கை நீ கட்டு. இன்னொன்று இனி என் பொறுப்பு.

பேருந்து வந்துவிட்டது, ஜன்னல் சீட்டு போய்விடும். மறுபேச்சு பேசாமல் நாளைக்கே போய்ச் சேர்.

இப்படிக்கு,
உன் முதலாளி