காத்து என்று கத்தினேன்

12 மே 1998
நான் ரிப்பேர் செய்து கொடுத்த விமான் நகர் ஹோட்டலின் குளிர் அறை மறுபடி சூடு. மேனேஜர் தேஜஸ் அழுகிய கோழியை என் மேலேயே எறிந்தான். "தண்டா கிதர் ஹை, சேட்?" குளிர் எங்கே என்று கேட்கிறான்.

குளிரை எவன் உண்டாக்குகிறான்? உள்ளே இருக்கும் சூட்டை கேஸ் உறிஞ்சி மாடியில் கொட்டுகிறது. கேஸ் ஒழுகிவிட்டால் சூட்டைச் சுமக்க ஆளில்லை. இரண்டு தடவையும் ஒழுகலைத் தேடாமல் கேஸ் மட்டும் நிரப்பினேன். அதை அவனிடம் சொல்வேனா?

13 மே
நாளை தங்கராஜைக் கூட்டிப் போகிறேன். தங்கை நீலாவின் புருஷன். விஷ்ராந்த்வாடி வெல்டிங் பட்டறையை விட்டு, போன மாதம்தான் என்னிடம் சேர்ந்தான்.

14 மே
ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன்.

மாடியில், கம்ப்ரசர் பக்கத்தில் தங்கராஜ். கீழே நான், பக்கத்தில் மேனேஜர். ஒழுகலைத் தேடக் குழாயில் நைட்ரஜனை அழுத்தி ஏற்ற வேண்டும். நைட்ரஜன் என்று சொன்னால், இப்போதுதான் ஒழுகல் பார்க்கிறோம் என்று கண்டுபிடித்துவிடுவான். தமிழில் கத்தினேன்: "மாப்ள, காத்து ஏத்து!" எங்கள் கடையில் காத்து என்றால் நைட்ரஜன்.

"ஏத்தறேன் மச்சான்!"

வெடித்தது. கம்ப்ரசரின் இரும்பு ஓடு கைப்பிடிச் சுவரைப் பிய்த்துக்கொண்டு தெருவில் விழுந்தது. ஓடினேன். அவன் வலது கை — மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. முகமெல்லாம் எண்ணெய், ரத்தம்.

வெல்டிங் பட்டறையில் காத்து என்றால் ஆக்சிஜன்; குழாயைப் பற்றவைக்கக் கொண்டுபோன அந்த சிலிண்டரும் மாடியில்தான் இருந்தது. அழுத்தி ஏற்றிய ஆக்சிஜன் கம்ப்ரசர் எண்ணெயைத் தொட்டால் வெடிகுண்டு. அவனுக்கு யார் சொன்னது? நான் சொன்னேனா?

15 மே
போலீசிடம் எழுதிக் கொடுத்தேன்: நைட்ரஜன் என்றேன், அவன் மாற்றிப் போட்டான். கடை தப்பும்.

17 மே
நீலா ஏரவாடா கடைக்கே வந்துவிட்டாள். பைப் ஸ்பானரால் ஷோகேஸ், புது ஏசி, டெலிபோன் — எல்லாம் நொறுக்கினாள். தடுத்தேன். தோளில் இறக்கினாள்.

"கை போனவரு மேல பழி வேற போடுறியா? அவரத்தான் போலீஸ்காரன் உள்ள வைக்கப் போறானாம்! நீயெல்லாம் அண்ணனாடா? தூ!"

தெருவே பார்த்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

18 மே
தோள் வீங்கிவிட்டது. அவள் அடித்தது போதாது.

21 மே
வாக்குமூலத்தை மாற்றினேன். காத்து என்றுதான் கத்தினேன், ஒழுகலை மறைத்தேன் — இரண்டையும் சொல்லிவிட்டேன். வக்கீல் பத்மநாபன் தலையில் அடித்துக்கொண்டார். "ஜெயில் சோத்துக்கு அவ்வளவு ஆசையா சார்?"

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன். தங்கராஜ் இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அதே கையால் அறைந்தான். உதடு கிழிந்தது. இன்னொன்று விழும் என்று நின்றேன். விழவில்லை.

நீலா சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"அவருக்குப் பிசைஞ்சு ஊட்டு. நான் கொஞ்சம் படுக்கணும்."