நானே கேட்ட வாய்தா

தம்பிக்கு,

உன்மேல் போட்ட கிணற்று வழக்குக்காகச் சித்தூர் கோர்ட்டுக்குப் போனவன், வராந்தாவில் நின்ற வெள்ளைக்காரரைப் புது முன்சீப்பு என்று நினைத்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக் கும்பிட்டுவிட்டேன். அவர்கள் நாட்டைவிட்டுப் போனதே எனக்கு மறந்துவிட்டது. துணைக்கு வந்த என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

நம் கோர்ட்டுகளையும் வக்கீல் தொழிலையும் சீர்திருத்த அவர் நாட்டு ஸ்தாபனம் ஒன்று உதவப் போகிறதாம். வழக்குகள் ஏன் இப்படி இழுக்கின்றன என்று கேட்க வந்திருக்கிறார். வாய்தாவுக்கு அலைந்த கதையையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். பிறகு எனக்கும் அவரிடம் ஒன்று கேட்க ஆசை வந்துவிட்டது.

"உங்க ஊர்லயும் அண்ணந்தம்பி கெணத்துக்குச் சண்டை போடுவாங்களாங்க?"

மகள் அதை இங்கிலீஷில் கேட்டாள். அங்கே வேலிக்குப் போடுவார்களாம். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அப்போதுதான் என் வக்கீல் ஓடிவந்தார். "கவுண்டரே, உங்க தம்பியும் வரலீங்க, அவரு வக்கீலும் வரலீங்க. இன்னைக்கே தீர்ப்பு வாங்கிரலாம். கெணறு முழுசும் உங்களுக்குத்தான்!"

"வேண்டாமுங்க. எனக்கு வயித்து வலின்னு சொல்லி வாய்தா வாங்கிருங்க."

வெள்ளைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டார். தாமதத்தை அவ்வளவு திட்டியவர் தாமே ஏன் வாய்தா கேட்கிறார் என்று மகளிடம் விசாரித்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து மழுப்பினேன்.

அங்கே ஆனைக்கரையில் மழையா? பஸ் ஓடவில்லையா? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அந்த வெள்ளைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்றுதான். நீ வந்து எதிரே நிற்காத கோர்ட்டில் உன்னை ஜெயிக்க எனக்கு மனசு வரவில்லை.

உன் அண்ணன்