ஏறியவையும் திரும்பியவையும்

பெப்ரவரி 11, 2025
வீடு இருக்கும் ரொம்சோஸிலிருந்து ரயில் இருபது நிமிடம் பிந்தியது. அலுவலகத்தில் 2023 கோடை வீடியோக்களைத் திறந்தேன். நாட்டின் வடகோடியான ஃபின்மார்க்கில், அந்த ஆறு கடலில் சேரும் இடத்தில் நாங்கள் எடுத்தவை. கணினியை மீன் எண்ணப் பழக்க அவை வேண்டுமாம்.

கிழக்கேயிருந்து வந்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆற்றை நிறைக்கும் கூனல் சால்மனை மறிக்க ஆற்றுக்குக் குறுக்கே வேலி போட்டார்கள். உள்ளூர் மீன்கள் ஏற ஒரு கதவு விட்டார்கள். அந்த ஆற்றின் சொந்த மீனான, வயிறு சிவந்த ரோயெக்கு வேலியால் பாதிப்பில்லை என்று அறிக்கை எழுதியவள் நான்.

பெப்ரவரி 13
ஒரு ரோயெயின் வாலை நீர்நாய் கடித்திருக்கிறது. கதவால் ஏறுகிறது. மறுநாளும் ஏறுகிறது. ஒன்பது நாளில் பதினொரு தரம் — அதே வால்.

அப்படியென்றால் இடையில் பத்துத் தரம் இறங்கியிருக்க வேண்டும். நான் ஏறியதை மட்டும்தான் எண்ணினேனா?

பெப்ரவரி 19
முழுவதையும் மறுபடி எண்ணி முடித்தேன். அறிக்கையில் 212. திரும்பியவற்றைக் கழித்தால் 58.

கதவுக்குள் கூனல் சால்மன் நெரிசல். ரோயெ உள்ளே வந்து முட்டுப்பட்டுத் திரும்புகிறது. குளிர்காலத்தை அது மேலே, மரமில்லாத மேட்டுநில ஏரிகளில், பனிக்கட்டிக்கு அடியில்தான் கழிக்கும். கடலில் தாங்காது.

ஆற்றுக் காவலர் இங்கா அப்போதே சொன்னாள். வடக்கின் பழங்குடியான சாமி இனத்தவள், அந்தக் கரையிலேயே பிறந்தவள். “அவை திரும்பிப் போகின்றன, ஆரபி.”

நான் என்ன சொன்னேன்? “எங்கள் தரவில் அப்படி இல்லை.”

பெப்ரவரி 23, ஞாயிறு
அப்பாவிடம் சொன்னேன்.

“உன்னட்டை ஆர் கேட்டவை? மே மாசம் நிரந்தர வேலை தருவினம் எண்டனி. அதுவரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு இரு.”

“ஜூன்ல திரும்ப அதே வேலியைப் போடப் போகினம், அப்பா.”

“மீனுக்காகவோ, பிள்ளை? நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசிலை அங்கை வடக்கிலை நாலு வருசம் தொழிற்சாலையிலை மீன் வெட்டினனான். ஒரு மீனும் எனக்கு வீடு தரேல்லை.”

மார்ச் 4
அலுவலகத்தில் இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 14
கூட்டம். எங்கள் பிரிவுத் தலைவர் கரோலினா புதிய வேலியின் வரைபடத்தைக் காட்டினார். அதே அளவுக் கதவு. “ஆரபியின் அறிக்கை இருக்கிறதே, வேறென்ன வேண்டும்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினனான். ஏன் ஆட்டினன்? ஆருக்குப் பயந்து? எனக்கு என்னையே பிடிக்கேல்லை.

மார்ச் 17
சொல்லிவிட்டேன்.

கரோலினா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “வேறு யாருக்குத் தெரியும்?”

“என் அப்பாவுக்கு.”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, “இன்றைக்கே திருத்தம் எழுது. உன் பெயரில்.”

பின்னேரம் இங்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். முழுவதையும் கேட்டாள். “நான் சொல்லி இரண்டு வருடம்,” என்றாள். வைத்துவிட்டாள்.

மே 22
நிரந்தர வேலை வேறொருவருக்கு. ஒப்பந்தம் ஜூன் கடைசியோடு முடிகிறது. “உங்கள் நேர்மையை மதிக்கிறோம்” என்று கடிதத்தில் ஒரு வரி.

அப்பா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மடித்து உறைக்குள் வைத்தார். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஜூன் 5
இங்காவிடமிருந்து மின்னஞ்சல். வணக்கம்கூட இல்லை. “கதவை மூன்று மடங்கு அகலமாக்கிவிட்டோம். கூனல் சால்மனைக் கையால் பிரித்தெடுக்க ஆள் போதாது. தண்ணீரில் நிற்பாயா?”

ஜூன் 6
அப்பா கேட்டார்: “சம்பளம்?”

“இல்லை.”

எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். “கம்பளிக் காலுறை ரெண்டு சோடி போடு. அந்தத் தண்ணி எலும்புக்குள்ளை போகும்.”

ஜூலை 27, ஆற்றங்கரை
ஆறாம் நாள். நுளம்பு முகத்தை மூடுகிறது. மணல் திட்டில் ஒரு வெண்வால் கழுகு, நாங்கள் கரையில் எறியும் மீனுக்காகக் காத்திருக்கிறது. இடுப்பளவு நீரில் நின்று வலையால் கூனல் சால்மனை அள்ளுகிறோம். விரல்கள் மரத்துப்போகின்றன. இங்கா வேலையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறாள்.

இன்று மத்தியானம் தன் சுடுதண்ணீர்ப் போத்தலிலிருந்து எனக்கும் கோப்பி ஊற்றினாள். பிறகு எண்ணிக்கைப் புத்தகத்தை என் கையில் தந்தாள்.

“நீ எழுது.”

ரோயெ: ஏறியவை 31. திரும்பியவை 2.